ஓரத்தில் நிற்கும் அளவுத்தடி

லூக்காஸ் ஐயா எனக்குத் தரவேண்டியிருந்தது அறுபத்து மூவாயிரத்து நானூறு ரூபா. பதினாறு நாள் கூலி, நாளுக்கு மூவாயிரம், அது நாற்பத்தெட்டாயிரம். மணல் ஏற்றிவந்த லொறிக்கு என் கையிலிருந்து கொடுத்தது பதினையாயிரத்து நானூறு. அவருடைய வீட்டுக்குப் பின்பக்கம் கருங்கல் மதில் கட்டிய கணக்கு அது. பென்ஷன் வந்ததும் தருகிறேன் யாகப்பர் என்றார். பென்ஷன் வருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

செத்த வீட்டில் கடன் கேட்க வாய் வராது. முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் என்று இருந்தேன். பூசை முடிந்த அன்றே அவருடைய மனைவி பஸ்லினா டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ஐயாவின் கணக்குக் கொப்பியைக் காட்டினார். என் பேரும் தொகையும் அவர் கையால் எழுதியிருந்தது. இது சரிதானே என்று கேட்டார். சரி என்றேன். இப்போது கையில் ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரிக் கடன் வேறு இருக்கிறது, ஆனால் உங்கள் காசை ஏமாற்ற மாட்டேன் என்றார். அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் மழைக்கு அது தெரியாதே.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில், சரிவுக்கு அடியில். போன வருஷ மழையில் பின்பக்க மண் இறங்கி வந்து குசினிச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் அங்கே ஒரு மதில் போடவேண்டும். கூலி என்னுடையது. சீமெந்துக்கும் கல்லுக்கும்தான் பணம். அறுபத்து மூவாயிரத்து நானூறு இருந்தால் முடியும். எத்தனையோ வீட்டுக்கு மதில் கட்டியிருக்கிறேன்; என் வீட்டுக்குப் பின்னால் தகரமும் மூங்கிலும்தான்.

ஜூன் மாதம் டீச்சரின் மகன் சாந்தகுமார் கனடாவிலிருந்து பேசினார். அப்பாவின் ஸ்லைட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும் என்றார். ஸ்லைட் என்றால், இரண்டு அங்குலச் சதுர மட்டையின் நடுவில் முத்திரை அளவு கலர் பிலிம். வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும். அப்படி நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஐயாவின் அலுமாரிக்குள் இருந்தன. கண்டி ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க அலுமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எப்போதும் எரியவிட்டிருப்பார். கரண்ட் பில் மூன்று மடங்கு ஏறிய வருஷம் அந்த பல்பை அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு மட்டைக்கு மட்டை வெள்ளை நூல் ஓடத் தொடங்கிவிட்டது.

டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கேட்டதற்கு, ஒரு படத்துக்கு நூறு ரூபா என்றார்கள். நாலு லட்சத்துக்கு மேல் போகும். அதனால் மகன் ஒன்றரை லட்சம் அனுப்பி, நீங்களே ஒரு ஸ்கேனர் வாங்குங்கள், மிச்சத்தில் யாகப்பர் அண்ணனின் கடனைத் தீருங்கள் என்று சொல்லிவிட்டார். டீச்சர் அதை ஒளிக்காமல் என்னிடம் சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு உலகத்திலேயே மலிவான ஸ்கேனர் தேவைப்பட்டது.

கடைக்குப் போகும்போது பார்ப்பதற்குக் கொஞ்சம் ஸ்லைட் எடுத்துக்கொண்டு போகவேண்டும். டீச்சர் உட்கார்ந்து பொறுக்கினார். திருநாளில் மாதா சுரூபம் தூக்கி வருவது, சாந்தகுமார் கோயிலில் முதல் நன்மை வாங்குவது, பெரஹரா ஊர்வலத்தில் யானை. அந்நிய ஆளிடம் காட்டுவது என்றால் நல்லதைத்தானே காட்டுவோம். மண்ணும் மதகும் வெடிப்பும் இருக்கிற படத்தை யார் கடைக்குக் கொண்டுபோவார்கள்? ஆனால் அந்த அலுமாரியில் முக்கால்வாசி மண்ணும் மதகும்தான். எனக்கு அது தெரியும்.

லூக்காஸ் ஐயா வீதி வேலையில் ஓவசியராக இருந்தவர். ஆனால் இந்தப் படங்களை அவர் வேலைக்காக எடுக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மழை விட்ட பிறகு, ஞாயிறு பூசை முடிந்து, சொந்தச் செலவில் கிளம்புவார். போன வருஷம் எந்தக் கல்லில் நின்று படம் எடுத்தாரோ அதே கல்லில் ஏறி நின்று அதே சரிவை எடுப்பார். சிவப்பும் வெள்ளையும் அடித்த அளவுத்தடி ஒன்று உண்டு. ஒரு பட்டை ஒரு அடி. படத்தின் ஒரு ஓரத்தில் அசையாத சாமான் ஏதாவது, மதகுச் சுவரோ மைல்கல்லோ, இருக்கவேண்டும். மற்ற ஓரத்தில் தடியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். முதலில் வீரய்யா என்று ஒருவர் பிடித்தார். அவர் செத்த பிறகு சில வருஷம் நான் பிடித்தேன். அப்போது நான் வாலிபம், படத்தில் நன்றாக விழவேண்டும் என்று நடுவுக்கு நகர்வேன். ஐயா கல்லின் மேலிருந்து கத்துவார்.

“ஓரத்துல நில்லுடா. நடுவுல நீ நின்னா மலை எங்க போய் நிக்கிறது?”

இவ்வளவும் தெரிந்துதான் மாதாவையும் யானையையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு டீச்சருக்குப் பின்னால் நடந்தேன்.

டவுன் கடையில் இருந்த பையன் இரண்டு மெஷினைக் காட்டினான். ஒன்று பலகை மாதிரிப் படுத்திருப்பது. பன்னிரண்டு ஸ்லைட்டை ஒரே தரத்தில் அடுக்கலாம். ஆனால் ஈரத்தில் வளைந்த மட்டை அதில் சமமாக உட்காரவில்லை. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வந்தது. பன்னிரண்டு முடிய முக்கால் மணித்தியாலம். இதில் நாலாயிரம் எடுக்க மூன்று நத்தார்ப் பண்டிகை வந்துபோகும் டீச்சர் என்று அவனே சிரித்தான். மற்றது டீத்தூள் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்லைட்டைச் செருகி பொத்தானை அமுக்கினால் மூன்று செக்கனில் படம். விலை நாற்பத்தாறாயிரம். சாந்தகுமார் மெழுகுதிரியோடு திரையில் வந்து நின்றதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது இல்லையா யாகப்பர் என்று கேட்டார். நல்லா இருக்கு டீச்சர் என்றேன்.

மிச்சம் ஒரு லட்சத்து நாலாயிரம். அதில் என்னுடையது போக டீச்சருக்கும் நாற்பதாயிரம் மிஞ்சும். நான் அந்தக் கடைக்குள்ளேயே இருபது பேக் சீமெந்தை இறக்கி அடுக்கிவிட்டேன்.

பணம் பாங்கில் இருந்தது. நாளைக்குப் பின்னேரம் வந்து எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே வந்தார்.

மறுநாள் எனக்குக் கொங்கிறீட் வேலை. காலையிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. மண்வெட்டியைப் பிடித்தால் தடியைப் பிடித்த மாதிரி இருக்கிறது. அந்தப் பெட்டியின் திரையில் மாதா சுரூபத்துக்கு இரண்டு பக்கமும் விளக்குப் பிடித்துப் போன பிள்ளைகளைக் காணவில்லையே என்று முந்தின நாளே என் கண்ணில் பட்டிருந்தது. மட்டையில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பெட்டி ஓரத்தை வெட்டிவிட்டது. மாதா நடுவில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நான் பார்த்தேன், பார்க்காதவன் மாதிரி இருந்தேன். இதை நினைத்துக்கொண்டு கலவைக்குத் தண்ணீர் ஊற்றியதில் அது கஞ்சியாகிவிட்டது.

“என்ன யாகப்பரு, சீமெந்துக்கு ஞானஸ்நானமா குடுக்கிற?” என்றார் பாஸ்.

அரை நாள் கூலி போனால் போகட்டும் என்று பன்னிரண்டு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தேன். அலுமாரியைத் திறக்கச் சொல்லி, தடி இருக்கிற படம் நான்கை எடுத்து ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். மண் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கத்தான் ஐயா ஓரத்தில் ஆளை நிறுத்துவார் என்பதைச் சொன்னேன். அந்தப் பெட்டி ஓரத்தைத் தின்கிறது என்பதையும் சொன்னேன். டீச்சர் நான்கையும் வாங்கி ஒவ்வொன்றாக ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் அவரோடு இருந்தும் இது எனக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமையானால் காட்டுக்குப் போகிறார் என்றுதான் சண்டை பிடித்தேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இத நேத்தே கடையில சொல்லியிருக்கலாமே யாகப்பர்.”

“நேத்து எனக்கு அறுபத்து மூவாயிரத்து நானூறு ரூபாதான் டீச்சர் கண்ணுக்குத் தெரிஞ்சுது.”

அவர் கோபிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வாங்க என்றார்.

கடைப் பையன் நான்கு படத்தையும் பெட்டியில் போட்டான். நான் சொன்னபடியேதான். மலை இருந்தது, தடியும் இல்லை, மதகும் இல்லை. நிழல் விழுந்த இடமெல்லாம் கரி பூசிய மாதிரி. மூலையில் நிற்கிற ஆளைப் பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள், மலைதானே முக்கியம் என்று அவன் கேட்டான். நான் நான்கு மட்டையையும் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் ஏறினோம். பாலத்துக்குக் கிட்ட மர்சூக் நானாவின் ஸ்டூடியோ. அவரிடம் பழைய பிலிம் ஸ்கேனர் ஒன்று இருப்பதாக டீச்சருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நானா மேசைக்கு அடியிலிருந்து அதைத் தூக்கி வைத்தார். செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது, பாரமும் அப்படித்தான். ஒரு தரத்துக்கு ஒரு ஸ்லைட், இரண்டு நிமிஷம். உறுமி, நின்று, மறுபடி உறுமியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அதற்குள் இருக்கிறதாம். அது தூசும் பூஞ்சணமும் எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்து அழிக்குமாம். சில பழைய பிலிமில் அது சரிவராது, அப்போது அதை நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

படம் திரையில் இறங்கியது. ஓரம் முழுக்க இருந்தது. மட்டையின் வளைவு கூடத் தெரிந்தது. தடியில் பட்டைகளை எண்ணலாம். வெள்ளை நூல் ஒன்றும் இல்லை.

“இது இப்ப ஒருத்தரும் செய்றல்ல டீச்சர்,” என்றார் நானா. “அதால வெல ஈக்குது. வேலய முடிச்சிட்டுக் கொண்டாங்க, மெஷின் நல்லா ஈந்தா ஒரு லெச்சத்துக்கு நானே எடுக்கிறன். அந்தக் கறுப்புப் பொட்டிய நாளக்கி சும்மா குடுத்தாலும் ஆள் எடுக்க மாட்டாங்க.”

விலை ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் என்றார். டீச்சர் பேசிப் பேசி, அதற்குப் பொருந்துகிற பழைய கம்ப்யூட்டரையும் சேர்த்து, ஒன்றரை லட்சத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு மேல் இறங்கவில்லை. பாங்கிலிருந்து காலையில் எடுத்த காசு பேக்கில் இருந்தது; டீச்சர் அதைத் திறக்காமல் என்னைப் பார்த்தார்.

“இதுல உங்க காசும் இருக்கு யாகப்பர். நீங்க சொன்னாத்தான் வாங்குவேன்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. நானா மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரையைப் பார்த்தேன். தடியைப் பிடித்திருந்தது வீரய்யா. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, அலுத்துப்போய் நின்றார். வாங்குங்க டீச்சர் என்றேன்.

வீட்டில் என் மனைவி அந்தோனியம்மாவிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை.

“அந்த மனுசன் ஒங்கள ஓரத்துல நிக்க வச்சாரு. இப்ப அவரும் இல்ல, நீங்களா போயி நிக்கிறீங்க.”

மெஷின் விற்றதும் காசு வரும் என்றேன். மழை அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளுமா, நீங்கள் போய்ப் பேசிவிட்டீர்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான்கு நாள் என்னோடு பேச்சில்லை.

வேலை சீக்கிரம் முடிந்தால் காசு சீக்கிரம் வரும். அதனால் பின்னேரம் வேலை விட்டதும் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். மட்டையை எடுத்துத் தூசு ஊதிச் செருகுவது நான். கம்ப்யூட்டரில் பேரும் வருஷமும் அடிப்பது டீச்சர். முதலில் டீச்சர்தான் செருகினார். தேங்காய் எண்ணெய்க் கை. பிலிமில் ரேகை விழுந்தது. என் விரலில் ரேகை இல்லை. சீமெந்து தின்றுவிட்டது. அடையாள அட்டை விஷயமாகப் போனபோது அதிகாரிகள் என் விரலை நான்கு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்கள். இந்த வேலைக்கு அது நன்றாக உதவியது. ஸ்லைட் பெட்டிகளின் மேல் ஐயா தமிழில் ஊர் பேர் எழுதியிருந்தார். நான் எழுத்துக் கூட்டப் படித்ததே நாற்பத்து நாலு வயதில். பிலிமத்தலாவை என்ற பேரை முடிப்பதற்குள் மெஷின் ஒரு படத்தை முடித்துவிடும்.

ஒரு நாளைக்கு அறுபது, சில நாள் எழுபது. நான் மிச்சத்தை மட்டும் எண்ணினேன். மூவாயிரத்து நூறு. இரண்டாயிரத்து எண்ணூறு. வானம் கறுத்தால் கை வேகமாகும். மெதுவா யாகப்பர், மட்டை ஒடியும் என்பார் டீச்சர். மெஷின் நடுவில் இரண்டு தரம் நின்றது. அந்த இரண்டு தரமும் எனக்கு உயிர் இல்லை. நானா ஃபோனிலேயே சொல்லித்தந்து மறுபடி ஓடவைத்தார்.

செப்டெம்பர் கடைசியில் அந்த ஸ்லைட் பெட்டி கைக்கு வந்தது. அம்பிட்டிய கீழ்ப்பாதை என்று எழுதியிருந்தது. மூன்று படத்தைப் போட்ட பிறகுதான் எந்த இடம் என்று எனக்குப் பிடிபட்டது. டீச்சரிடம் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். எண்பத்தாறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று நாலு. வலது ஓரத்தில் மதகுச் சுவர். அது இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இடது ஓரத்தில் பலாமரம், அதன் வேரில் ஊன்றிய தடி. எண்பத்தாறில் தடியின் அடி மதகுச் சுவரின் மேல்விளிம்புக்கு நேரே இருந்தது. அடுத்த படத்தில் தடியின் அடி மூன்று பட்டை கீழே. கடைசிப் படத்தில் ஐந்து பட்டை கீழே. அந்தக் கடைசிப் படத்தில் தடியைப் பிடித்திருந்தது நான்.

மரம் நடந்து வரவில்லை. மலை அதைக் கொண்டுவந்திருக்கிறது. எட்டு வருஷத்தில் ஐந்து அடி.

அந்தப் பலாமரத்தின் அடிக்கட்டை இப்போது எங்கள் குசினிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் துண்டு நிலத்தை நான் வாங்கும்போது ஐயா ஒரு தரம் சொன்னார்தான், அந்த இடம் சரியில்லை என்று. விலை மலிவாக இருந்தது. நல்ல இடம் வாங்கச் சொன்னவர் காசும் சேர்த்துத் தந்தாரா என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

மதில் என்றால் எனக்குத் தெரியும். பத்து அடி மண்ணை நிறுத்தலாம். முழுச் சரிவும் கீழே வந்தால் இருபது பேக் சீமெந்தும் அதோடு சேர்ந்து வீட்டுக்குள் வரும்.

மறுநாள் அந்தோனியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் கதிரை போட்டு உட்காரவைத்து, மூன்று படத்தையும் காட்டினார். அவள் திரைக்குக் கிட்டப் போய் விரலால் தடியின் பட்டைகளைத் தானே எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“நம்ம வீடு எங்க?”

“அப்ப கட்டல. இந்தா, இந்தத் தடிக்குக் கீழ.”

“அன்னைக்கே காசு கெடைச்சிருந்தா?”

“மதில் கட்டியிருப்பேன்.”

“கட்டிட்டு நிம்மதியா படுத்திருப்போம்,” என்றாள். எழுந்து முந்தானையை உதறினாள். “வீடு பாருங்க.”

டீச்சர் அந்தப் படங்களை அச்செடுத்துக் கிராம சேவகருக்குக் கொடுத்தார். நானும் எங்கள் வரிசையில் நான்கு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு வீட்டில், கடவுள் இருக்கிறார் என்றார்கள். நாலாவது வீட்டில், படத்தில் நீதானே நிற்கிறாய், அப்போதே தெரிந்துகொண்டா எங்களுக்குப் பக்கத்தில் வந்து கட்டினாய் என்று கேட்டார்கள். படத்தை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

கட்டுகஸ்தோட்டையில் ஆஸியா உம்மா என்பவரின் வீட்டுக்குப் பக்கத்தில் அவருடைய இரண்டு அறை காலியாக இருந்தது. மாதம் பத்தாயிரம், ஆறு மாத அட்வான்ஸ். அவர் நல்ல மனுஷி; மாதக் கடைசி வரைக்கும் வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டேன், அதற்கு மேல் என்னாலும் ஏலாது என்றார். அன்று ஒக்டோபர் பன்னிரண்டு. ஸ்லைட் இன்னும் அறுநூற்றுப் பதினொன்று மிச்சம். மறுநாளே மழை தொடங்கியது.

அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிட்ட ஞாபகம் இல்லை. அந்தோனியம்மா துணியை மூட்டை கட்டி வாசல் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். மழை வலுத்தால் இருவரும் கோயிலின் பங்கு மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்திருப்போம். விட்டால் திரும்பி வருவோம். திரும்பியதும் முதலில் குசினிப் பக்கம் போய்ச் சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். மழைக்குக் கட்டட வேலை நின்றதால் பகலிலும் டீச்சர் வீட்டில் இருந்தேன். காசை முதலில் எங்காவது புரட்டட்டுமா என்று டீச்சர் கேட்டார். அவரிடம் ஒரு சோடிக் காப்புதான் மிச்சம் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், இதை முடிப்போம் என்றேன். நூற்றுப் பத்து ஒரு நாள், நூற்று இருபது ஒரு நாள் என்று போனது. கடைசி மட்டை பத்தொன்பதாம் திகதி பின்னேரம் நான்கு மணிக்கு மெஷினுக்குள் போனது. அதில் ஒன்றுமில்லை, ஐயாவின் சப்பாத்தும் கொஞ்சம் புல்லும். தவறி அமுக்கியிருக்கிறார். அதையும் எடுத்து, வருஷம் போட்டு வைத்தோம்.

மறுநாள் காலையில் மெஷினைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். டீச்சர் பக்கத்தில் இருந்தார். மர்சூக் நானா அதைத் திறந்து, ஊதி, ஒரு ஸ்லைட்டைப் போட்டுப் பார்த்தார். தள்ளுகிற பல் தேய்ந்துவிட்டது, நாலாயிரம் என்றால் சும்மாவா, எண்பதாயிரம் தருகிறேன் என்றார். ஒரு லட்சம் என்று சொன்னீர்களே என்றார் டீச்சர். நல்லா ஈந்தா எண்டு சொன்னேனே என்றார் நானா. வகுப்பில் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானா மேசை லாச்சியை இழுத்தார்.

“சரி, தொண்ணூறு. இதுக்கு மேல பாக்காதீங்க டீச்சர்.”

டீச்சர் அந்த மேசையிலேயே எண்ணினார். அறுபத்து மூவாயிரத்து நானூறை எனக்கு முன்னால் தள்ளினார். எண்ணிப் பாருங்கள் என்றார். எண்ணினேன். நனைந்த கையில் நோட்டு ஒட்டிக்கொண்டது. ஒரு தரம் குறைவாக வந்தது, மறுபடி எண்ணியபோது சரியாக இருந்தது. அறுபதாயிரத்தை ஆஸியா உம்மாவுக்கென்று தனியாக மடித்து வைத்தேன். மிச்சம் வீட்டுச் சாமான் ஏற்றும் லொறிக்கு. வெளியே மழை மறுபடி இருண்டுகொண்டு வந்தது. அந்தோனியம்மா மண்டபத்தில் மூட்டையோடு இருந்தாள். டீச்சர் பேக்கிலிருந்து ஐயாவின் கொப்பியை எடுத்து, என் பேருக்கு நேரே கோடு கிழித்துத் திகதி போட்டு, என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். சரி என்றேன். எனக்கும் லூக்காஸ் ஐயாவுக்கும் இடையில் இனி ஒரு சதமும் இல்லை.